பத்துப் பேர் மேசை

குளிர்கால டயர் மாற்ற
இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றான்.
எட்மன்டனில் முதல் பனி விழுந்த கிழமை;
எனக்கு முன்னால் பதினொரு வாகனம்.
நீலச் சீட்டொன்றைக் கிழித்துத் தந்து
பக்கத்துக் கடையைத் தாடையால் காட்டினான்.

முந்தநாள் திறந்த சீனச் சாப்பாட்டுக் கடை.
வாசலில் இன்னும் வாடாத பூக்கூடைகள்,
சிவப்பு நாடாவில் யாரோ யாருக்கோ எழுதிய வாழ்த்து.
சுவரில் பெயின்ட் மணம் போகவில்லை,
அதற்குள் மிளகாய் வறுத்த புகை ஏறி
உள்ளே வந்த எல்லாருக்கும் ஒரே இருமல்.

"எத்தனை பேர்?"
இருமலுக்கு நடுவே ஒரு விரலைக் காட்டினேன்.
அந்தப் பெண் கடையைப் பார்த்தாள்,
என் விரலைப் பார்த்தாள்,
பத்துப் பேர் இருக்கும் வட்ட மேசைக்குக்
கூட்டிக்கொண்டு போனாள்.

கலியாண வீட்டுக்கு நாள் மாறி வந்தவன் போலக்
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு.
கையுறையை எடுத்து மடியில் வைத்தேன்,
நீலச் சீட்டைத் தட்டிலேயே மறந்தேன்.
கத்தரிக்காயும் வெள்ளைச் சோறும் வந்தன.
யாரும் பார்க்காத நேரம்
தட்டை ஒருக்கால் சுழற்றிவிட்டேன்.
கத்தரிக்காய் ஒன்பது கதிரைகளிடமும் போய்
வேணுமா வேணுமா என்று கேட்டுவிட்டு
ஆறிப்போய் என்னிடமே வந்தது.

பிறகு அவர்கள் வந்தார்கள். ஏழு பேர்.
வேறு இடமில்லை. இருக்கலாமா என்று
புருவத்தால் கேட்டாள் ஒருத்தி,
கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை.
மிஞ்சிய இரண்டு கதிரையிலும்
குளிர்சட்டைகள் மலையாய்க் குவிந்தன.
பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை,
ஆனால் சண்டை எனக்குப் பழக்கமான சண்டை:
பாதை தெரியும் என்று சொன்னது ஆர்,
பார்க்கிங்கை விட்டுவிட்டு வளைந்தது ஆர்.

அவள் என் கோப்பையிலும் தேநீர் ஊற்றினாள்.
எதிரே இருந்த பொடியன்
தனக்கு ஊற்றியபோது
இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினான்.
அதுதான் நன்றி என்று பிடித்துக்கொண்டு
அடுத்த முறை நானும் தட்டினேன்.
தட்டு கொஞ்சம் கூடிப்போய்
முதலாளியே சமையலறைக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

மீன் வந்தது.
முழு மீன், கொத்திய செம்மிளகாய் போர்த்தி,
கண் மட்டும் வெளியே.
தட்டைச் சுழற்றியது ஆரென்று தெரியாது.
மீன் முன்னால் போக
என் நீலச் சீட்டு பின்னால் ஊர்வலம் போனது.
தலை ஒவ்வொருவராய் விசாரித்து
எனக்கு நேரே நின்றது.
ஏழு சோடிக் குச்சிகளும் அந்தரத்தில்.

"தலை பார்க்கிறவர்தான் தொடங்கவேண்டும்."
"நான் உங்கள் ஆள் இல்லையே."
"அது மீனுக்குத் தெரியாது."

குச்சியில் இரண்டு முறை நழுவிய கன்னத்துச் சதையை
மூன்றாம் முறை விரலாலேயே எடுத்தேன்.
யாரும் சிரிக்கவில்லை;
அதற்குள் ஏழு பேரும் குனிந்துவிட்டார்கள்.
எங்கட உறைப்பு நேரே வந்து அடிக்கும்.
இது தோளில் கைபோட்டு
சுகம் விசாரித்துக் கூட்டிக்கொண்டு போய்
ஒழுங்கைக்குள் வைத்து அடித்தது.
கண்ணீரைத் துடைக்க அதே விரலைக்
கண்ணுக்குக் கொண்டுபோனது என் பிழை.

பில் வந்தது.
அவளும், மைத்துனனாய் இருக்கவேணும், இன்னொருவனும்
ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.
இந்த விளையாட்டில் எங்கட சனத்தை
வெல்ல ஆளில்லை என்றிருந்தேன்.
என் கத்தரிக்காய்க்குப் பதினேழு டொலர் கட்டினேன்.
மீனுக்கென்று வைத்த இருபது டொலர்
தட்டில் அரைச் சுற்றுப் போய்
அவள் விரல் பட்டு
வந்த வழியே திரும்பியது.

டயர்க் கடைக்காரன் சீட்டை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
வாகன இலக்கத்தின் கடைசி எழுத்தில்
சிவப்பாய் ஓர் எண்ணெய்ப் பொட்டு.
என் கண்ணையும் பார்த்தான்.
"ரத்தமா?"
"மீன்" என்றேன்.